மறையூர், காந்தளூர்: கிழக்கே இருந்து ஏறுங்கள்

கேள்வி இது: கோவையிலிருந்து காரில் மூணாறு போகிறோம். கூட எழுபது தாண்டிய அம்மாவும் பத்து வயதுப் பையனும் வருகிறார்கள். வழியில் மறையூர், காந்தளூருக்கு அரை நாள் ஒதுக்கினால் போதுமா? அங்கே பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

அரை நாள் பத்தாது. மூணாறை ஒரு நாளாகச் சுருக்கிக்கொண்டு, இரண்டு இரவு இந்தப் பள்ளத்தாக்கில் தங்குங்கள் என்பதுதான் என் யோசனை. மூணாறில் தேயிலைத் தோட்டம், அணை, அதற்கு முன்னால் போட்டோ எடுக்கும் கூட்டம் எல்லாம் எப்போது போனாலும் இருக்கும். மறையூரை அதன் பக்கத்துச் சுற்றுலாத் தலமாக எண்ணிப் போகிறவர்கள், மேலே இருந்து ஜீப்பில் இறங்கி, ஒரு கல்வீடு, ஒரு வெல்ல ஆலை, ஒரு அருவி என்று மூன்று இடத்தில் நின்றுவிட்டு மாலையே ஏறிவிடுகிறார்கள். அவர்கள் கண்ணுக்கு இது மூணாறைவிடக் கொஞ்சம் காய்ந்த ஊராகத்தான் தெரியும். இந்த ஊரின் கதையே அந்த வறட்சியில்தான் இருக்கிறது. உடுமலையிலிருந்து ஏறினால்தான் அது பிடிபடும். நீங்கள் கோவையிலிருந்து வருவதால் அந்த வழி உங்களுக்குத் தானாகவே அமைகிறது.

முதலில் நில அமைப்பு. தென்மேற்குப் பருவமழையை அரபிக்கடல் பக்கமிருந்து வரும் காற்று கொண்டுவந்து ஆனைமுடி மலைத்தொடரின் மேற்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. ஆனைமுடி 2,695 மீட்டர். இமயமலைக்குத் தெற்கே இதைவிட உயரம் கிடையாது. அதைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் மிச்சமில்லை. மூணாறு ஜூலையில் நனைந்து கிடக்கும்போது, ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற மறையூரில் வெயில் அடிக்கும். இன்னும் கீழே சின்னாறில் வருடத்துக்குச் சுமார் 500 மில்லிமீட்டர்தான் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து மழையோடு வருவது. கேரள வரைபடத்துக்குள் கொங்கு நாட்டு வானிலை. சந்தனம் இங்கே தானாக வளர்வதும் மலையாளிகளுக்கு முன்பே தமிழ் பேசும் குடியானவர்கள் இங்கே ஏறிவந்து ஊர் அமைத்ததும் இந்த மழை மறைவோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

ஆறும் கிழக்கு நோக்கித்தான் ஓடுகிறது. கேரளத்தில் கிழக்கே பாயும் ஆறுகள் மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. இந்தப் பள்ளத்தாக்குக்கு நீர் கொடுப்பது பாம்பாறு. ஆனைமுடிச் சரிவுகளில் பிறந்து, தலையாறு, கோவில்கடவு வழியாக இறங்கி, சின்னாறோடு கூடி அமராவதி அணைக்கு வருகிறது. அணை 1957-இல் கட்டியது. அங்கிருந்து தாராபுரம், கரூர் வழியாகக் காவிரிக்குப் போகிறது. நீங்கள் காரில் ஏறப்போவது இந்த ஆற்றை எதிர்த்துத்தான்.

உடுமலையிலிருந்து மறையூர் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். அமராவதி நகரில் அணைக்குப் பக்கத்தில் முதலைப் பண்ணை இருக்கிறது, பையனுக்குப் பிடிக்கும். அரை மணி நேரம் போதும். அதைத் தாண்டினால் ஒன்பதாறு செக்போஸ்ட். அங்கிருந்து ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக் காடு, எல்லையைக் கடந்ததும் கேரளத்தின் சின்னாறு வனவிலங்கு சரணாலயம். இரவில் இந்தச் சாலையில் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, நேரம் அவ்வப்போது மாறும். மாலை ஆறுக்குள் காட்டைத் தாண்டிவிடுகிற மாதிரி திட்டமிட்டால் சிக்கல் இல்லை. செக்போஸ்டில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துவந்துவிடுங்கள்.

சின்னாறு 1984-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். பரப்பு 90 சதுர கிலோமீட்டர்தான். கேரளம் என்றதும் பசுமையை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இங்கே முள்காடு காத்திருக்கும்: கள்ளி, வேலமரம், மாசி முதல் மொட்டையாக நிற்கும் மரங்கள். ஆனால் ஆற்றோரம் மட்டும் மருதமரங்கள் பச்சையாக வரிசை கட்டி நிற்கும். அந்த மரங்களின் உச்சியைப் பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிற மலை அணில் அங்கேதான் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கென்றே சரணாலயம் இருக்கிறது. அதை விட்டால் இந்த அணிலை எளிதாகப் பார்க்கக்கூடிய இடம் சின்னாறுதான். நட்சத்திர ஆமையும் உண்டு, மழைக்குப் பிறகு அதிர்ஷ்டம் இருந்தால் சாலையோரம் கண்ணில் படும். யானை நிச்சயம் இருக்கும் காடு இது. சாலையில் நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிடுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், இறங்கி செல்பி எடுக்காதீர்கள். அது நகர்ந்த பிறகு போனால் போதும், பத்து நிமிடத்தில் எந்த ஓட்டலும் ஓடிப்போகாது.

சரணாலயத்துக்குள் வனத்துறை நடத்தும் நடைப்பயணங்கள் உண்டு. ஆலாம்பட்டியிலிருந்து தூவானம் அருவிக்குப் போவது பிரபலம். பழங்குடி வழிகாட்டி ஒருவர் கூட வருவார். அருவி பாம்பாற்றில் விழுகிறது, அழகுதான், ஆனால் பாறையும் ஏற்ற இறக்கமுமான பாதை, அம்மாவுக்கு வேண்டாம். நீங்களும் பையனும் மட்டும் ஒரு காலை போய்வரலாம். வழிகாட்டியாக வருபவர் பெரும்பாலும் முதுவராகவோ மலைப்புலையராகவோ இருப்பார். அவரிடம் அருவியைவிடக் காட்டைப் பற்றிக் கேளுங்கள். எந்தச் செடியை எதற்குப் பறிப்பார்கள், எந்தத் தடம் எத்தனை நேரத்துக்கு முந்தையது என்றெல்லாம் சொல்வார். சரணாலயத்துக்குள் இருக்கும் தாயண்ணன்குடியில் முதுவர்கள் வனத்துறையோடு சேர்ந்து, கைவிட்டுப்போன பழைய கேழ்வரகு, சிறுதானிய விதைகளைத் தேடி மறுபடி விதைத்திருக்கிறார்கள். அனுமதியில்லாமல் குடிகளுக்குள் போகக் கூடாது, அது அவர்கள் வீடு.

மறையூரை நெருங்கும்போது சாலையின் இரண்டு பக்கமும் இரும்பு வேலி வரும். அதற்குள் நிற்பவைதான் சந்தன மரங்கள். பெரும்பாலானவர்கள் வண்டியை நிறுத்தி மூச்சை இழுத்துப் பார்ப்பார்கள். ஒன்றும் வராது. நிற்கிற சந்தன மரத்துக்கு மணமே கிடையாது. இலையில் இல்லை, பட்டையில் இல்லை. உள்ளே வைரம் பாய்ந்த கட்டையிலும் வேரிலும்தான் எண்ணெய் இருக்கிறது. பார்வைக்கும் மரம் சாதாரணமாகத்தான் இருக்கும், தெரியாதவர் ஏதோ வேலிமரம் என்று கடந்துவிடுவார். தண்டில் பெயின்டால் எழுதிய எண்ணைப் பார்த்துத்தான் விஷயம் புரியும். ஒவ்வொரு மரத்துக்கும் கணக்கு இருக்கிறது, இரவும் பகலும் காவல் இருக்கிறது. திருட்டு மிகுந்து போனதால் 2005-இல் இதற்கென்றே தனி வனக்கோட்டம் அமைத்தார்கள்.

சந்தனம் பாதி ஒட்டுண்ணி. பச்சை இலையால் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ளும், ஆனால் தண்ணீருக்கும் உப்புக்கும் பக்கத்து மரத்தின் வேரைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கன்று வாங்கிவந்து வீட்டு மூலையில் தனியாக நட்டவர்கள் ஏமாந்துபோகிறார்கள், துணைச்செடி வேண்டும். இங்கே பச்சை மரத்தை வெட்டுவதில்லை. பட்டுப்போனதும் காற்றில் சாய்ந்ததும் யானை தள்ளியதும்தான் வனத்துறை டிப்போவுக்கு வரும். அதையும் அறுப்பதில்லை, வேரோடு தோண்டி எடுப்பார்கள், எண்ணெய் வேரிலும் இருப்பதால். செதுக்கி, தரம் பிரித்து, சிராய்த்தூள் வரை எடைபோட்டு ஆன்லைன் ஏலத்தில் விற்கிறார்கள். கர்நாடக அரசின் சோப்பு நிறுவனமும் குருவாயூர் போன்ற கோயில்களும் வாங்குகிறார்கள். வேலிக்குள் புள்ளிமான்களும் காட்டுமாடுகளும் மேய்வதை மாலையில் காரில் இருந்தபடியே பார்க்கலாம். அம்மாவுக்கு ஏற்ற வனவிலங்கு தரிசனம் அதுதான்.

இனி வரலாறு. மறையூரில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பாறைமேட்டில் முனியறைகள் இருக்கின்றன. தொல்லியலார் கல்திட்டை என்பார்கள். நான்கு பக்கமும் கற்பலகை நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல். ஒரு ஆள் குனிந்து உள்ளே நுழையலாம். முனிவர்கள் தவம் செய்த அறைகள், பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கியவை என்று உள்ளூரில் சொல்வார்கள். உண்மையில் இவை இரும்புக்காலத்து மக்கள் இறந்தவர்களுக்கு எழுப்பிய ஈமச்சின்னங்கள், வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். பழனிமலையில் தாண்டிக்குடிப் பக்கமும் இதே மாதிரிக் கல்திட்டைகள் உண்டு. கொடுமணல் போன்ற கொங்குச் சமவெளி ஊர்களிலும் அதே காலத்து ஈமக்காடுகள் இருக்கின்றன, அங்கே அவை பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்தவை. இங்கே அடியில் வெறும் பாறை. தோண்ட வழியில்லாததால் பாறைமேலேயே கட்டியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

மேட்டின் மேல் ஏறி நின்றால் இந்த இடத்தை ஏன் தேர்ந்தார்கள் என்று கேட்கவே வேண்டாம். கீழே பள்ளத்தாக்கு முழுக்கக் கரும்பு, நடுவே ஆறு, சுற்றி மலை. பாறை சரிவானது, வெயில் ஏறினால் கால் சுடும். காலை எட்டுக்குள்ளோ மாலை ஐந்துக்கு மேலோ போங்கள். அம்மாவால் மெதுவாகக் கொஞ்ச தூரம் வர முடியும், உச்சி வரை தேவையில்லை. பல திட்டைகளின் மூடுகல் சரிந்துவிட்டது, சிலவற்றில் காதலர்கள் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். பையன் மேலே ஏறிக் குதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர மறையூரைச் சுற்றிய காடுகளில் பாறை ஓவியங்களும் இருக்கின்றன. சந்தனக் காட்டுக்குள் இருப்பதால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டுதான் போக முடியும், விட்டுவிட்டாலும் குறையில்லை.

கோவில்கடவில் பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோயில். சின்னக் கற்கோயில். பெரிய கோபுரம் எதிர்பார்க்காதீர்கள். அம்மா கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தபடி உட்காரலாம்.

இந்தப் பகுதிக்கு அஞ்சுநாடு என்று பெயர். மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தளூர், ஐந்தாவதாகக் கொட்டகுடி. மதுரைப் பக்கம் அரசியல் குழப்பம் வந்தபோது பழனிமலை வழியாக ஏறிவந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். மன்றாடியார், மந்திரியார் என்ற பட்டங்களும் ஊர்க்கூட்டமும் இன்னும் இருக்கின்றன. முதுவர்களும் தங்கள் வழியை மதுரைக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். மூணாறு தேயிலையின் கதையும் இங்கே வந்து முட்டுகிறது: 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு ராஜாவிடம் மலையைக் குத்தகைக்கு எழுதி வாங்கியபோது, அந்தப் பத்திரத்தில் அது கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலை. கண்ணன் தேவன் என்பவர் அஞ்சுநாட்டுத் தலைவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. தேயிலைப் பொட்டலத்தில் இருக்கும் பெயர் அவருடையதுதான். 1956-இல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் பெரிய போராட்டம் நடந்ததும், கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்து இவை கேரளத்தோடு நின்றுபோனதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மறையூர் அந்தத் தேவிகுளம் தாலுகாவில்தான் இருக்கிறது. கடைப் பலகை மலையாளத்தில் இருக்கும், கடைக்காரர் தமிழில் பேசுவார். டீக்கடையில் உட்கார்ந்து பெரியவர் யாரிடமாவது "எந்த ஊருங்க அய்யா?" என்று ஆரம்பியுங்கள், அதற்குமேல் நீங்கள் பேச வேண்டியிருக்காது.

பையனைக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டிய இடம் வெல்ல ஆலை. ஓலையோ தகரமோ வேய்ந்த கொட்டகைதான். கரும்புத் தோட்டத்து ஓரத்திலேயே இருக்கும். சாறு பிழிந்து பெரிய கொப்பரையில் ஊற்றி, காய்ந்த சக்கையையே அடுப்பில் தள்ளி எரிப்பார்கள். சுண்ணாம்பு சேர்த்ததும் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும். அதை அள்ளி எடுத்துக்கொண்டே இருப்பார்கள். சில மணி நேரத்தில் சாறு பாகாகிக் கொதிக்கும் சத்தமே மாறும், கொழகொழவென்று கனமாகக் கேட்கும். அப்போது கொப்பரையைச் சாய்த்து மரத்தொட்டியில் ஊற்றி, துடுப்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த உடனே உருட்ட ஆரம்பிப்பார்கள். ஆறவிட்டால் உருளாது, சூடாக இருந்தால் கை வெந்துவிடும்; அந்த இடைவெளி சில நிமிடம்தான். கேட்டால் ஒரு இலைத்துண்டில் சூடான பாகு தருவார்கள். குழந்தை வாயைச் சுட்டுக்கொள்ளாமல் ஊதிக் கொடுங்கள்.

மறையூர் சர்க்கரைக்கு (வெல்லத்தைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள்) 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் வந்ததும் போலியும் வந்துவிட்டது. நம் சமவெளியில் காய்ச்சிய வெல்லத்தை மறையூர் என்று சொல்லி விற்பது சர்வசாதாரணம். பார்த்து வாங்க எளிய வழி: நிஜமானது கரும்பழுப்பாக இருக்கும், மஞ்சளாகப் பளபளக்காது, கையால் உருட்டியதால் மேலே விரல் தடம் இருக்கும், உப்புக் கரிப்பு கம்மி. எல்லாவற்றையும்விட, காய்ச்சுகிற கொட்டகையிலேயே வாங்குங்கள். சாலையோரக் கடை வேண்டாம்.

மறையூர் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். காந்தளூர் அதற்கு மேலே இன்னும் ஐந்நூறு மீட்டர், சுமார் 15 கிலோமீட்டர் தூரம். ஏற ஏற வெயிலின் தன்மையே மாறும். படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு. காந்தளூர், வட்டவடைப் பூண்டுக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீங்கள் வடுகபட்டிச் சந்தையிலிருந்து வந்த மலைப்பூண்டு வாங்கியிருந்தால் அதில் இந்த ஊர்ப் பூண்டும் கலந்திருக்கலாம். 2023-இல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலா கிராமங்களில் காந்தளூருக்குத் தங்க விருது கிடைத்தது. அதிலிருந்து சனி, ஞாயிறுகளில் ஜீப் நெரிசல். வாரநாளில் போங்கள்.

கேரளத்தில் ஆப்பிள் விளைகிற ஊர் என்று காந்தளூரைச் சொல்வார்கள். ஜூலை, ஆகஸ்டில்தான் மரத்தில் பழம் இருக்கும். மற்ற மாதங்களில் "ஆப்பிள் தோட்டம்" என்று கூட்டிப்போனால் இலையைத்தான் பார்ப்பீர்கள். பழம் சின்னது, புளிப்பு தூக்கல், எனக்குப் பிடிக்கும். பிளம்ஸ், பீச், பேஷன் ப்ரூட், ஸ்ட்ராபெரி எல்லாம் வெவ்வேறு மாதங்களில் வரும். வயல்களுக்கு நடுவே நெட்டையாக நிற்கும் யூகலிப்டஸைப் பார்த்து "எவ்வளவு அழகு" என்று உள்ளூர் விவசாயியிடம் சொல்லிவிடாதீர்கள். கிராண்டிஸ் என்பார்கள். காகித ஆலைக்கென்று நட்டுப் பரவிய அந்த மரம் ஊற்றுகளை உறிஞ்சிவிட்டது என்பது இங்கே பெரிய மனத்தாங்கல்.

தங்குவதைப் பொறுத்தவரை, மார்கழி, தையில் காந்தளூர் இரவு நன்றாகவே குளிரும். அம்மாவுக்கு மூட்டுவலி, இளைப்பு ஏதாவது இருந்தால் இரண்டு இரவும் மறையூரிலோ கோவில்கடவிலோ தங்கி, காந்தளூருக்குப் பகலில் ஏறி இறங்குங்கள். தினசரி மாத்திரைகளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவ வசதி வேண்டுமென்றால் மலையை விட்டு இறங்கத்தான் வேண்டும். கையில் ரொக்கமும் இருக்கட்டும். கொட்டகைகளில் சிக்னல் இருக்கும் என்று நம்ப முடியாது. மாதம் என்று கேட்டால் செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை. நடுவில் ஐப்பசி மழை ஓரிரு நாளைக் கெடுக்கலாம், ஆனால் அருவிகளில் தண்ணீர் அப்போதுதான். ஆப்பிள்தான் முக்கியம் என்றால் ஆகஸ்ட். குறிஞ்சிக்காகக் கேட்கிறீர்கள் என்றால், 2018-இல் பூத்தது, அடுத்தது 2030.

மூன்றாம் நாள் காலை மூணாறுக்கு ஏறுங்கள், ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மறையூரை விட்டுக் கொஞ்ச தூரத்தில் சந்தனமும் கரும்பும் முடிந்து, தலையாறு எஸ்டேட்டில் தேயிலை தொடங்கும். வழியில் லக்கம் அருவி சாலையோரமே இருப்பதால் அம்மாவும் பார்க்கலாம். அதற்கு மேலே இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடு பார்க்க. பிப்ரவரி, மார்ச்சில் போவதாக இருந்தால் அதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஆடுகள் குட்டி போடும் காலம் என்பதால் வழக்கமாக அப்போது பூங்காவை மூடிவைப்பார்கள்.